சுத்தமாக இருந்த நாய் மறுபடி வீட்டுக்குள் சிறுநீர் போகத் தொடங்கினால்: வளர்ந்த டாஷண்டைத் தத்தெடுத்தவர்களுக்கு

ரோசியை நாங்கள் தத்தெடுத்தபோது அவளுக்கு ஆறு வயது. நுகேகொடையில் இருந்த ஒரு சிங்களக் குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது எங்களிடம் ஒப்படைத்த டாஷண்ட், நீண்ட உடம்பும் குட்டைக் கால்களும் உள்ள நாயினம். முதல் மூன்று கிழமையும் பெரும் பாடு. பிறகு இரண்டு மாதம், வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் தரையில் ஒரு சொட்டும் விழவில்லை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார்: "பிள்ளை, இஞ்ச வந்து பார். உள்ளுக்க சலம் போட்டிட்டுது." அந்தக் கிழமையே இன்னும் நான்கு தடவை.

வீட்டுக்கு வந்த எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: இந்த இனத்துக்குப் பிடிவாதம். உண்மைதான். ஜெர்மனியில், பாட்ஜர் என்ற விலங்கின் வளைக்குள் தனியே இறங்கித் தானே முடிவெடுக்க வேண்டும் என்று வளர்த்தெடுத்த இனம் இது. ஆனால் பிடிவாதம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் தேட மாட்டோம். ரோசியின் ஒவ்வொரு பிசகுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாவற்றுக்கும் அது ஒரே காரணம் இல்லை. அதனால் இதை அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள். உடம்பு பற்றிய பகுதியை மட்டும் எல்லாரும் வாசியுங்கள்.

அதற்கு முன் ஒரு கொப்பி எடுத்துவையுங்கள். எத்தனை மணி, எந்த இடம், எவ்வளவு (ஒரு தேக்கரண்டியா, ஒரு கோப்பையா), அதற்கு முந்திய அரை மணித்தியாலம் வீட்டில் என்ன நடந்தது. இவ்வளவும் போதும். நாலைந்து நாளில் ஓர் ஒழுங்கு தெரியவரும். எங்கள் கொப்பியில் ஐந்தில் நான்கு, பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் நடந்திருந்தது. அதைப் பார்த்திராவிட்டால், இரவில் தண்ணீர் கூடக் குடிக்கிறாள் என்று நினைத்து அவளுடைய தண்ணீரைக் குறைத்துக்கொண்டே இருந்திருப்பேன். இந்த வெக்கையில் அது பெரிய கொடுமை.

திடீரென்று தொடங்கினால், முதலில் உடம்பு

மாதக்கணக்கில் சுத்தமாக இருந்த நாய் ஒரே நாளில் மாறினால், பயிற்சியைப் பற்றி யோசிக்கும் முன் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கவனிக்க வேண்டியவை இவை.

அடிக்கடி குந்துகிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது, முக்குகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, இரத்தம் கலந்திருக்கிறது என்றால் சிறுநீர்ப்பையில் தொற்றோ கல்லோ இருக்கலாம். ஆண் நாய் முக்கியும் ஒன்றும் வராவிட்டால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். பாதை அடைத்துக்கொண்டால் உயிராபத்து. ஆண் டாஷண்டுகளுக்கு சிஸ்டீன் என்ற ஒருவகைக் கல் வரும் தன்மையும் உண்டு.

தண்ணீர் கூடக் குடிப்பதாகத் தோன்றினால் அளந்து பாருங்கள். காலையில் ஒரு லீற்றர் போத்தலில் இருந்து மட்டும் ஊற்றுங்கள், மறுநாள் அதே நேரம் மிச்சத்தைக் கழியுங்கள். ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் அது அதிகம். 8 கிலோ நாய்க்கு 800. நீரிழிவு, சிறுநீரக நோய், இந்த இனத்தில் வரக்கூடிய குஷிங் என்ற ஹோர்மோன் நோய் எல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

சிறுநீர் பிளேன்டீ (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால் அதே நாளே ஓட்டோ பிடியுங்கள். எங்கள் நாட்டில் உண்ணி பரப்பும் பேபீசியா காய்ச்சலில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து அந்த நிறம் வரும். கறியில் கிடக்கும் வெங்காயமும் நாயின் இரத்தத்தை அப்படி உடைக்கக் கூடியது. சோற்றோடு குழம்பு ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தூங்கி எழும்பினால் படுத்த இடம் ஈரம், நாய்க்கே அது தெரிந்ததாக இல்லை என்றால், கருத்தடை செய்த பெண் நாய்களில் சிறுநீர்ப்பையின் வாய் தளர்ந்து ஒழுகும் நிலையாக இருக்கலாம். மருந்து உண்டு, பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். அதற்காக ஏசுவது அநியாயம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் முதுகுதான். டாஷண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது முதுகெலும்புத் தட்டு விலகும் பிரச்சினை வருகிறது. 3 முதல் 7 வயது வரை கூடுதல் கவனம் தேவை. அதாவது நாங்கள் 'வளர்ந்த நாய்' என்று தத்தெடுக்கும் அதே வயது. குந்தத் தயங்குகிறது, தூக்கினால் கத்துகிறது, பின்கால் தள்ளாடுகிறது, பாதம் மடிந்து இழுபடுகிறது, சிறுநீர் தானாகச் சொட்டுகிறது என்றால் அது பழக்கக் குறைவு அல்ல, நரம்பு நசுங்குகிறது. நடக்க விடாமல், ஒரு பலகையிலோ பெட்டியிலோ கிடத்தி உடனே கொண்டுபோங்கள். மணித்தியாலங்கள்கூட முக்கியம். வீட்டில் இருக்கும் மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம்.

போகும்போது காலைச் சிறுநீரில் கொஞ்சம் கொண்டுபோனால் வேலை சுலபம். இந்த நாயின் வயிறு தரையோடு இருப்பதால் போத்தல் வைக்க இடம் வராது. கழுவிக் காயவைத்த ஒரு தட்டையான கோப்பையைப் பின்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். உடனே கொடுக்க முடியாவிட்டால் நன்றாக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

வெளியில் இருபது நிமிடம் நிற்கும், போகாது. கதவைத் திறந்து உள்ளே விட்டதும் போகும்

எங்கள் முதல் மூன்று கிழமையும் இதுதான். தத்தெடுத்தவர்கள் கூடுதலாக மனமுடைந்து போவதும் இதில்தான், ஏனென்றால் பார்ப்பதற்கு வேண்டுமென்று செய்வது போலவே இருக்கும்.

நாய் பழகுவது 'வெளியே' என்ற எண்ணத்துக்கு இல்லை. காலுக்குக் கீழே இருக்கும் தரைக்கு. சின்ன வயதில் எந்தத் தரையில் போய்ப் பழகியதோ அந்தத் தரையைத் தேடும். ரோசி வளர்ந்தது சீமெந்து போட்ட பின்முற்றத்தில். எங்கள் தொடர்மாடியின் கீழே இருப்பதோ ஒரு சின்னப் புல்தரை. அவளைப் பொறுத்தவரை புல் என்பது காலைக் குத்தும் ஏதோ ஒன்று. ஹோலின் மாபிள் தரைதான் அவளுடைய பழைய முற்றத்தைப் போலக் கடினமாக, குளிர்ச்சியாக இருந்தது. அவள் தன் பழக்கத்துக்குச் சரியாகத்தான் நடந்தாள்.

ஆகவே முதலில் பழைய தரையையே வெளியில் கொடுங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், வடிகாலுக்குப் பக்கத்துச் சீமெந்தில் விட்டோம். இரண்டாம் நாளே போனாள். போன ஒவ்வொரு முறையும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். காவலாளி ஐயாவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்ததும் நல்லதாகப் போயிற்று. பிறகு அந்தச் சீமெந்தும் புல்லும் சந்திக்கும் ஓரத்துக்கு நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தினோம். புல்லில் முதன்முதலாகக் குந்தியது பதினாறாம் நாள்.

மாறாக, புல்லிலும் மண்ணிலும் பழகிய நாய் உங்கள் தும்புக் கால்மிதியையே தேடிப் போகும். அதற்கும் காரணம் அதேதான். கால்மிதிகளைச் சுருட்டி இரண்டு கிழமைக்கு அலுமாரிக்கு மேல் போடுங்கள்.

அடுத்தது சொல். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நாள் எடுத்தது. பழைய வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் அழைத்து, "வெளியே கூட்டிப்போகும்போது என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்டேன். "எளியட்ட யமு" என்றார். சிங்களத்தில் 'வெளியே போவோம்'. ஆறு வருடம் அந்த ஒலியைக் கேட்டுத்தான் அவள் உடம்பு தயாராகியிருக்கிறது. நாங்களோ "வா, கீழ போவம்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. நாங்கள் ஒருவரையொருவர் "என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் ஓடி வந்து நின்று முகத்தைப் பார்ப்பாள். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்'. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நினைப்பு இன்றும் என்னை உருக்குகிறது. கொழும்பில் நாய்கள் வீடு மாறும்போது மொழியும் மாறிவிடுகிறது. தத்தெடுக்கும் நாளிலேயே உணவு நேரம், தரை, தூங்கிய இடம், பாவித்த சொற்கள் நான்கையும் கேட்டு எழுதிவையுங்கள். பழைய சொல்லை முதலில் சொல்லி, உடனே உங்கள் சொல்லையும் சேர்த்துச் சொல்லி வந்தால், சில கிழமைகளில் உங்கள் சொல்லே போதும்.

மூன்றாவது, நாங்கள் விடும் பிழை. நாய் போனவுடனே வீட்டுக்குத் திரும்பினால், 'போனால் உலாத்தல் முடிந்துவிடும்' என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு அடக்கிக்கொண்டே நடக்கும். மாற்றிச் செய்யுங்கள்: முதலில் ஓரிடத்தில் அசையாமல் நில்லுங்கள், போனதும் இரண்டு மூன்று வினாடிக்குள் ஒரு துண்டு அவித்த கோழியைக் கொடுங்கள், அதன் பிறகு உலாத்தக் கூட்டிப்போங்கள். மெரைன் டிரைவ் பக்கம் கடற்காற்றோடு நடப்பது ரோசிக்குக் கிடைக்கும் கூலி. பரிசை வீட்டுக்கு வந்தபின் கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குத்தான் கொடுத்தீர்கள் என்று நினைக்கும்.

ஐந்து நிமிடம் நின்றும் போகாவிட்டால் உள்ளே கொண்டுவந்து தரையில் விடாதீர்கள். மடியிலோ கூட்டிலோ பதினைந்து நிமிடம் வைத்திருந்து மறுபடி இறக்குங்கள். படிகளில் இறங்க விடாமல் தூக்கிப்போங்கள்: ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், மற்றது பின்பக்கத்துக்குக் கீழ், முதுகு நேராக. கழுத்துப்பட்டியை விட மார்போடு மாட்டும் பட்டி நல்லது.

தெருநாய்களும் ஒரு காரணம். கட்டாக்காலி நாய் ஒன்று முறைத்துக்கொண்டு நின்றால், குந்தி உடம்பைத் தளர்த்த எந்த நாய்க்கும் துணிச்சல் வராது. காலை 5.30க்கு முன், அல்லது வளவுக்குள்ளேயே.

மழை நாளில் மட்டும்

கொப்பியில் தெரிந்த 3 மணி முதல் 5 மணி வரையான கணக்கு இதுதான். மூன்றரைக்கு அம்மா கீழே கூட்டிப்போவார். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ரோசி வாசல் கூரைக்குக் கீழ் நின்று மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அம்மா 'போய்விட்டு வந்தது' என்று நினைத்திருக்கிறார். இது இருவரின் பிழையும் இல்லை. டாஷண்டின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. ஈரப்புல்லில் நடப்பது அதற்கு அடிவயிறு முழுக்க நனைவது. பெரிய நாய்க்குக் கால் மட்டும் நனையும்.

நாங்கள் செய்தது: பல்கனியில், கூரை உள்ள மூலையில், அகலமான பிளாஸ்டிக் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்றுமணல். தட்டின் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேல் உயராமல் பாருங்கள், அந்தக் கால் அதற்கு மேல் ஏறாது. அவளுடைய சிறுநீர் துடைத்த துணியை ஒருமுறை மணலில் வைத்து வாசனை பிடிக்க விட்டோம். நனைந்த மணலை அன்றன்றே அள்ளி, கிழமைக்கொருமுறை முழுவதும் மாற்றுங்கள். பல்கனி இல்லாதவர்கள் பெரிய குடை ஒன்றோடு சீமெந்து ஓரத்தில் நிற்கலாம். திரும்பி வந்ததும் பழைய துவாயால் வயிற்றைத் துடைத்துவிடுங்கள். ரோசிக்கு அந்தத் துடைப்பு மிகவும் பிடிக்கும், அதற்காகவே இப்போது தூறலில் இறங்குகிறாள்.

மழை தணியும் இடைவெளிகளை விடாமல் பிடிப்பதும் உதவும். ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடியோடு கொட்டுவதற்கு முன், இரண்டு மணிக்கே ஒருமுறை இறக்கிவிடுங்கள்.

வெடியும் இடியும்

சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, டிசம்பர் 31, கிரிக்கெட்டில் இலங்கை வென்ற இரவு. அன்று நடப்பது பயம், பழக்கம் கெடுவது இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே கீழே கொண்டுபோய் வாருங்கள். பிறகு ஜன்னல் மூடி, விசிறியும் வானொலியும் போட்டு, பக்கத்தில் இருங்கள். அணைத்தால் பயம் கூடும் என்ற கதையை நம்ப வேண்டாம். மறுநாள் வெளியே வரப் பயந்தால் மணல் தட்டு போதும். இரண்டு மூன்று நாளில் திரும்பும். திரும்பாமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள், பயத்துக்கும் மருந்து இருக்கிறது.

நீங்கள் குனிந்ததும் காலடியில் கொஞ்சம்

காது பின்னுக்குப் போய், உடம்பு தாழ்ந்து, வால் கீழே ஆடிக்கொண்டு ஒரு சின்ன ஈரம். இது மரியாதையும் அச்சமும் கலந்த ஒரு சைகை. ஏசினால் அடுத்த முறை இன்னும் கூடும்.

என் பெரியப்பா செருப்பைக் கழற்றும்போதே உரத்துக் கதைத்துக்கொண்டு வருவார், உள்ளே வந்ததும் அன்போடு ரோசியின் தலைக்கு மேல் குனிவார். ஒவ்வொரு முறையும் மாபிளில் ஈரம். அவரிடம் தயங்கித்தான் சொன்னேன்: "பெரியப்பா, வந்ததும் ஒண்டும் கதையாமல் கதிரையில இருங்கோ. அவள் தானா வரட்டும்." அவர் அப்படியே செய்தார், மூன்று வருகைகளுக்கு அவளைப் பார்க்கவே இல்லை. நான்காம் முறை அவளே போய் அவருடைய கால்மேல் தலையை வைத்தாள். ஈரமில்லை.

இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு பிராணிக்கு மேலிருந்து கவியும் உருவம் மிகப் பெரியது. பக்கவாட்டாக இருங்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், நெஞ்சுப் பக்கமாகத் தடவுங்கள்.

வீட்டில் ஆளில்லாதபோது மட்டும்

பழைய கைத்தொலைபேசி ஒன்றை அலுமாரியில் சாத்தி வீடியோ எடுங்கள். நீங்கள் கதவைப் பூட்டி அரை மணித்தியாலத்துக்குள், ஊளையிட்டுக் கதவைச் சுரண்டிக்கொண்டு போனால் அது தனிமைப் பயம். குடும்பமே ஒருநாள் மறைந்துபோன அனுபவம் உள்ள நாய்க்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று போய் வந்து பழக்க வேண்டும். அமைதியாகத் தூங்கிவிட்டு ஏழாம் மணித்தியாலத்தில் போனால், அது வெறும் சிறுநீர்ப்பைக் கணக்கு. பகலில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அடக்கச் சொல்லிக் கேட்பது சரியில்லை. பக்கத்து வீட்டில் யாரிடமாவது திறப்பைக் கொடுத்து வையுங்கள்.

கதிரைக் கால், செருப்புத் தட்டு, புதிய பை: அங்கங்கே சில துளி

அடையாளமிடுதல். ஆண் நாய்களில் கூடுதல், பெண்ணும் செய்யும். கருத்தடை பல நாய்களில் குறைக்கும், எல்லாவற்றிலும் நிறுத்தாது. தெருநாய் வாசம் ஏறிய செருப்புகளைக் கதவோடு கூடிய பெட்டியில் வையுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப

அந்த இடம் உங்களுக்குச் சுத்தம், அதன் மூக்குக்கு இல்லை. மாபிளுக்கு மாபிள் நடுவே ஓடும் சீமெந்துக் கோடு சிறுநீரை உறிஞ்சி வைத்திருக்கும். இரவில் விளக்கை அணைத்து, கள்ளநோட்டுப் பார்க்கும் சின்ன ஊதா டோர்ச்சை அடித்தால் காய்ந்த தடங்கள் மங்கலாக ஒளிரும். நாங்கள் அறியாத மூன்று இடம் சோபாவுக்குப் பின்னால் இருந்தது.

அமோனியா கலந்த தரைத் திரவங்கள் நாய்க்குச் சிறுநீர் போலவே மணக்கும். பிளீச்சைச் சிறுநீர்மேல் ஊற்றினால் மூச்சுக்குக் கெடுதியான வாயு கிளம்பும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் கழுவி, நாய்களுக்கென்று விற்கும் என்சைம் திரவத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். கிடைக்காவிட்டால், தரை அசல் சலவைக்கல் இல்லையென்றால், வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி. காய்ந்தபின் அதே இடத்தில் அதன் சாப்பாட்டுக் கோப்பையை வையுங்கள், சாப்பிடும் இடத்தில் போக மனம் வராது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீரிலும் பரவும், வெள்ளம் நிற்கும் மாதங்களில் கூடுதல் கவனம். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான பகுதி இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

மலத்துக்கு இவ்வளவு தேவையில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் கீழே. அவ்வளவுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

காரணம் தெரிந்த பிறகு

பழக்கத்தை முதலிலிருந்து தொடங்குங்கள், ஆனால் வேகமாக. ஒரு அறை மட்டும். இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கீழே. இடையில் ஆறடிக் கயிறு உங்கள் இடுப்பில். மூக்கைத் தரையில் வைத்து வட்டமிடத் தொடங்கினால் சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். போய் முடிந்ததைப் பிறகு காட்டி ஏசுவதாலோ மூக்கைத் தேய்ப்பதாலோ அது கற்பது ஒன்றுதான்: உங்களுக்குத் தெரியாத இடத்தில் போக வேண்டும். சோபாவுக்குப் பின்னால் நாங்கள் கண்ட மூன்று தடமும் முதல் கிழமையில் நான் உரத்து ஏசிய நாட்களுடையவை.

பதினான்கு நாள் சுத்தமாகப் போனால் அடுத்த அறையைத் திறக்கலாம். ரோசிக்கு ஹோலும் குசினியும் திறந்தாயிற்று. அம்மாவின் அறை மட்டும் இன்னும் சாத்தியிருக்கிறது. கொப்பியில் இன்று பதினோராம் நாள். வருகிற போயா விடுமுறைக்கு எல்லாரும் வீட்டில் இருப்போம், அன்றைக்குத் திறந்து பார்க்க அம்மா சம்மதித்திருக்கிறார்.